தனியாகப் போகிறவருக்கு ஒரு 'ஸ்'

மடியில் தட்டு இருக்கிறது. விரல்கள் தன்பாட்டுக்குப் பீடி சுற்றுகின்றன. ஒரு கட்டு முடிந்ததும் தட்டை நகர்த்திவிட்டு நாலு வரி எழுதுகிறேன். தாளில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தால் ஊதிவிட்டுப் படியுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருக்கும்.

எங்கள் ஊர் நூலகத்து மாடியில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு மதியம் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தது ஜெனிட்டா மிஸ். இருபத்துமூன்று வயது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கச்சி வயது. எங்களை அக்கா என்பாள், நாங்கள் அவளை மிஸ் என்போம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேச்சித்தாய் அக்கா. நாற்பதைத் தாண்டியவள். அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் கட்டட வேலை. என்றைக்காவது அந்தக் கம்பெனி ஆபீசில் பேச வேண்டி வந்தால் பேச வேண்டுமே, அதற்காக வந்தாள். நான் என் மகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தேன். வாயைத் திறந்ததில்லை.

முதல் நாள் மிஸ் பலகையில் எழுதினாள். ஹி என்றால் அவன். ஷி என்றால் அவள். தே என்றால் அவர்கள்.

அக்கா வீட்டுக்காரரை நினைத்து என் காதில் சொன்னாள்: "அவுகளைப் போயி அவன்னு சொல்லவா? நாக்கு அழுகிப் போகும்ட்டி."

பிறகு சத்தமாகக் கேட்டாள். "மிஸ், அவுகன்னா தே தானே?"

மிஸ் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆமாக்கா. தே."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இன்னொரு நாள் பாட்டு மாதிரிச் சொன்னோம். ஐ கோ, யூ கோ, வி கோ, தே கோ. ஹி கோஸ், ஷி கோஸ்.

அக்கா கையைத் தூக்கினாள். "எல்லாரும் சும்மா போறாக. இந்த ஹிக்கும் ஷிக்கும் மட்டும் வால் மாதிரி ஒரு ஸ் எதுக்கு மிஸ்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

மிஸ் என்னைப் பார்த்து, "நீங்க வெளியே போய் நில்லுங்கக்கா," என்றாள். போனேன். கதவைச் சாத்திவிட்டாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் மாடிப்படியில் நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே மிஸ் பேசுவது கேட்டது.

"நான் இங்கே இருக்கேன். நீங்க என் முன்னாடி இருக்கீங்க. நாம எல்லாரும் கூட்டமா இருக்கோம். அவ?"

"அவ வெளிய நிக்கா."

"கூட யாரு இருக்கா?"

"ஒருத்தருமில்ல."

"கண்ணு முன்னாடியும் இல்லை, கூட ஆளும் இல்லை. அதான் துணைக்கு ஒரு ஸ்ஸை அனுப்புறது."

கதவு திறந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"அப்ப அவுகளுக்கு ஸ் வேண்டாம்," என்றாள் அக்கா நிம்மதியாக. "ரூம்ல ஏழு பேரு இருக்காக."

அந்தக் கோடையில்தான் போன் வந்தது. ரூமில் கூட இருந்த ஒருவர் பேசினார். "மதினி, எங்க ஆறு பேரையும் வேற சைட்டுக்கு மாத்திட்டான். அண்ணன் மட்டும் பழைய பி கேம்ப்ல இருக்காரு. மூணு நாளாக் காய்ச்சல்னாரு. இப்பப் போனே எடுக்கலை. நாங்க பேசினா ஆபீஸ்ல மதிக்க மாட்டான். வீட்டுல இருந்து நீங்க பேசுங்க." நம்பரும் கொடுத்தார்.

அன்றைக்கு மிஸ் பரீட்சை எழுதத் திருநெல்வேலி போயிருந்தாள். அவள் போன் அணைந்திருந்தது.

"மிஸ் வரட்டும்க்கா," என்றேன்.

"மிஸ்சே நீயாப் பேசணும்னுதானே சொல்லிக் குடுத்தாக." அக்கா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள், யாரோ நேரில் வந்து நிற்பது போல. நோட்டை மடியில் விரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஹலோ சார். குட் மார்னிங் சார். பி கேம்ப் சார். தே ஆர் சிக். தே ஆர் நாட் ஈட்டிங்."

அந்தப் பக்கம் ஒருவன் பேர் கேட்டான்.

"மை நேம் இஸ் பேச்சித்தாய்."

மறுபடி பேர் கேட்டான். அவள் மறுபடி தன் பேரைச் சொன்னாள். வீட்டுக்காரர் பேரை அவள் இருபது வருசத்தில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

"ஹூ இஸ் சிக்?"

"தே சார். தே ஆர் சிக்."

"ஹவ் மெனி?"

அக்கா போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எத்தனைன்னு கேக்கான். எத்தனை நாளுன்னுதானே?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது நான்தான்.

"த்ரீ சார். த்ரீ."

"ஓகே, ஓகே. வி வில் சீ தெம்."

சாயந்தரம் அங்கிருந்தே கூப்பிட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. தே ஆர் ஓகே. தே ஆர் இன் ஹாஸ்பிடல். டோன்ட் வொரி.

அக்கா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவுக நல்லாருக்காகளாம்ட்டி! எனக்கு இங்கிலீஷ் வந்துட்டு!" தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்மன் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் வகுப்பு. வீட்டுக்காரர் போனை இன்னும் எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில போனை வாங்கி வச்சிருப்பாக," என்றாள். ஒரு பை நிறையக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து எல்லார் கையிலும் வைத்தாள்.

மிஸ்சுக்கு முகம் கொள்ளாத சந்தோசம். "பாத்தீங்களா? நான் இல்லாமலே பேசிட்டாங்க. எங்கே, பேசினதை அப்படியே சொல்லுங்கக்கா. எல்லாரும் கேக்கட்டும்."

அக்கா எழுந்து நின்றாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"தே ஆர் சிக். தே ஆர் நாட் ஈட்டிங்."

"யாருக்கா?"

"அவுகதான்."

மிட்டாயை வாய்க்குக் கொண்டுபோன மிஸ்சின் கை அப்படியே நின்றது.

"அவங்க என்ன கேட்டாங்க?"

"எத்தனைன்னு கேட்டான். த்ரீன்னேன். மூணு நாளுல்லா?"

மிஸ் மிட்டாயை மேசை மேல் வைத்தாள். போனை வாங்கினாள். இரண்டு தடவை தப்பான நம்பர் போட்டாள்.

வேகமாகப் பேசினாள். எங்களுக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான். நாட் தே. ஹி. ஒன் மேன். ஒன்லி ஒன்.

அந்தக் கேம்ப்பில் வேறொரு ரூமில் மூன்று பேர் காய்ச்சலாகக் கிடந்திருக்கிறார்கள். அந்த மூன்று பேரைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்கள்தான் நல்லாயிருக்கிறார்கள்.

"பேரு கேக்கிறாங்க. அண்ணன் பேரு என்னக்கா?"

அக்கா வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஆறுமுகநயினார்," என்றேன். அந்த வகுப்பில் நான் தனியாகச் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

ரூமில் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான். காத்திருந்தோம். ஒருத்தரும் மிட்டாயைத் தின்னவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கையிலேயே இளகி ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது. மிஸ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"ஐ ஆம் சாரி. ஹி வாஸ் அலோன்."

இஸ் என்றால் இருக்கிறார். வாஸ் என்றால் இருந்தார். போன வாரம்தான் படித்திருந்தோம். அதனால் யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா மட்டும் மிஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பாச் சொல்லுதான் மிஸ். இஸ் போடணும்லா? நீங்க திருத்துங்க. எங்களைத் திருத்துவீகள்ல, அது மாதிரி அவனையும் திருத்துங்க மிஸ்."

மிஸ் திருத்தவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து பதினேழாம் நாள் அக்கா வகுப்புக்கு வந்தாள். வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. பழைய இடத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மிஸ் வாசல் பக்கமாகவே நின்றாள்.

"மிஸ், அவுகன்னா தேன்னு நீங்கதானே சொன்னீக?"

"ஆமாக்கா."

"யாரைச் சொல்லுதேன்னு நீங்க கேக்கலையே?"

"கேக்கலை."

"ஏன் மிஸ்?"

"தேங்கிற பதில் தெரிஞ்சிருந்துச்சு. அதான் கேக்கலை."

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் மிஸ்சுக்கே நல்லதாக இருந்திருக்கும்.

"சரி, பாடத்தை நடத்துங்க."

மிஸ் பலகைப் பக்கம் போனாள். சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது. கோ என்று எழுதி, பக்கத்தில் வென்ட் என்று எழுதினாள். போவது, போனது. ஒவ்வொன்றாகச் சொன்னாள், நாங்களும் சொன்னோம். ஐ வென்ட். யூ வென்ட். வி வென்ட். தே வென்ட். ஹி வென்ட்.

அக்கா கையைத் தூக்கினாள்.

"அந்த ஸ் எங்க மிஸ்? துணைக்கு அனுப்புவோம்னீகளே."

"வென்ட்டுக்கு ஸ் கிடையாதுக்கா."

"தனியாப் போனாலுமா?"

"தனியாப் போனாலும்."

அக்கா பென்சிலை நோட்டின் மேல் வைத்தாள்.

"கடைசியா ஒண்ணு கேக்கேன். இனிமே அவுகளை நான் ஹின்னு சொல்லணுமா, தேன்னு சொல்லணுமா? இந்தத் தடவை சரியாச் சொல்லுங்க."

மிஸ் பலகையைப் பார்த்தபடி நின்றாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்படி வேணாலும் சொல்லலாம்கா. போன பிறகு எல்லாருக்கும் ஒரே சொல்லுதான்."

அக்கா நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அன்றையிலிருந்து நான் என் வீட்டுக்காரரைப் பற்றி யாரிடமாவது அவுக என்று சொல்ல வாயெடுத்தால், உடனே எனக்கு... இருங்க, உள்ளே இருந்து அவுக கூப்பிடுதாக, என்னன்னு போயிப் பாத்துட்டு வாரேன்.