நத்தை சுமக்கும் தரை

அந்தக் காலத்தில் பேசாத உயிர் கிடையாது. நத்தைக்கு முதுகில் ஓடும் கிடையாது. ஏரிக்கு மேலே இருந்த சரிவில் ஆளுக்கொரு மனை. மழை விழுந்தால் மனைகளின் மண் அதை உள்ளே வாங்கும். அழுக்கைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் மெல்ல ஏரிக்கு அனுப்பும்.

நத்தைக்கு மெத்தென்ற உடம்பு. மணல் உறுத்தியது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, மனையில் பூச ஆரம்பித்தான். பூசிய இடம் வழுவழுவென்று மின்னியது. அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டான். தவளையும் நண்டும் வந்து பார்த்தார்கள். "எங்க மனைக்கும் போட்டுக் குடுப்பா" என்றார்கள். போட்டுக் கொடுத்தான்.

ஏரியிலிருந்து அயிரை மீன் தலை நீட்டினாள். கரையோரத்தில் அவள் குஞ்சுகள் அப்போதுதான் நீந்தப் பழகியிருந்தன.

"அண்ணே, பாதி மனையாவது மண்ணா விடுங்க. தண்ணி இறங்க வழி வேணும்ல?"

"பாதியா? நான் முதுகொடிய இழைச்சது உனக்கு விளையாட்டா இருக்கா? கால்வாசி."

"சரி, கால்வாசி."

"அதுவும் ஜாஸ்தி. மூலையில ஒரு தாமரை இலை அகலம் விடுறேன். அதுக்கு மேல வாயைத் திறக்காதே."

அயிரை குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். "அதையாவது மூடிடாதீங்க, அண்ணே. வாக்குக் குடுங்க."

"குடுத்தேன், போ."

பேரத்தில் ஜெயித்தவன் அதோடு எழுந்து போக வேண்டும். இவன் போகவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்த நாளில், அந்த ஓர் இலை மண்தான் அவன் கண்ணில் குத்தியது. "இத்தனூண்டு இடத்துல என்ன தண்ணி இறங்கிடப் போகுது?" பூசினான். கூழாங்கல்லால் தேய்த்து மூடினான். அவனைப் பார்த்து, தங்கள் மனைகளில் அதே அளவு விட்டிருந்த மண்ணைத் தவளையும் மூடினான், நண்டும் மூடினான்.

மழை பிடித்தது. இறங்க வழியில்லாத தண்ணீர், சாம்பல், சாணம், காயாத சுண்ணாம்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடி ஏரியில் விழுந்தது. மழை விட்டபோது ஏரி திரிந்த பால் மாதிரி கிடந்தது. அயிரைக் குஞ்சுகள் செவுள் வெந்து மிதந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தண்ணீர் குடிக்க வந்த நத்தை, குனிந்தபடியே நின்றான்.

"தங்கச்சி... பாதியைப் பேத்துடறேன்."

அயிரை மிதந்த குஞ்சு ஒன்றை மூக்கால் தள்ளிப் பார்த்தாள்.

"முக்கால்வாசி."

அயிரை அடுத்ததைத் தள்ளிப் பார்த்தாள்.

"என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்!"

"இனிமே பேரம் பேச எங்கிட்ட என்ன அண்ணே இருக்கு?" என்றாள் அயிரை. "உங்க முதுகு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தரை வெச்சுக்குங்க. போற இடமெல்லாம் நீங்களே சுமங்க. மிச்சம் மண்ணுக்கு. அதுக்கிட்டேருந்து பறிச்ச ஈரத்தையும் திருப்பிக் குடுங்க."

நத்தை சரிவேறித் திரும்பிப் போனான். தரையை உடைத்தான். தவளையும் நண்டும் தங்கள் மனைகளை உடைத்தார்கள். கடைசிச் சில்லை மட்டும் நத்தை வளைத்து இழைத்து முதுகில் ஏற்றிக்கொண்டான்.

நத்தை தன் சுண்ணாம்பைத் தானே சுமப்பது அன்று முதல்தான். ஊர்கிற வழியெல்லாம் மண்ணில் ஈரக்கோடு போட்டுக்கொண்டே போவதும் அன்று முதல்தான். கோடு காய்ந்துவிடுகிறது. நத்தை மறுபடியும் போடுகிறது.