இருளப்பனின் மூச்சு

கையால் தாள் கொடுத்துப் பழகிய சிவகாசி அச்சகத்துக்கு, தாளைத் தானே தூக்கும் பழைய மிஷின் ஒன்று வந்தது. அதே வாரம் மை டின்கள் காணாமல் போயின.

முதலாளி தனுஷ்கோடி ஆளுக்கொரு தாளில் பெயரெழுதி மிஷினில் அடுக்கினார். "இதை ஓட்டிச் செத்த இருளப்பனோட மூச்சு உள்ளேயே இருக்கு. திருடின ஆளோட தாளைத் தூக்கும். அந்த ஆளுக்கு இன்னையோட வேலை இல்லை."

அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே, மிஷின் முதலில் தூக்கும் இடத்தில் இருந்தது, பெருக்குகிற வெள்ளத்தாயின் தாள். பெருக்கும்போது மிஷின் குழாய் தன் முந்தானையை உறிஞ்சி இழுத்தது அவளுக்கு நினைவிருந்தது.

"உங்க பேரும் இருக்கட்டுமே முதலாளி?"

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அதைத் தன் தாளுக்கடியில் செருகும் சாக்கில், சேலை ஊக்கால் தன் தாளைத் துளைத்துவிட்டாள்.

குழாய் முனையிலிருந்த ரப்பர் உதடுகள் தாள்மேல் இறங்கின. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. இரண்டு தாள்கள் ஒட்டியபடி நடுங்கிக்கொண்டு எழுந்தன.

"இருளப்பண்ணன் உங்களையும் சேத்துல்ல கூப்பிடுறாரு!" என்றாள் வெள்ளத்தாய்.

முதலாளி வெளிறிப்போய்க் கத்தினார். "ஏய், அது வெறும் காத்துடி! ஓட்டை வழியா அடுத்த தாளையும் இழுத்திருக்கு!"

"அப்ப நான் என் வேலையைப் பாக்குறேன் முதலாளி" என்று வெள்ளத்தாய் விளக்குமாற்றை எடுத்தாள். மிஷின் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.