நின்றால் எரியும் விளக்கு

திருச்செங்கோட்டுக்கு வெளியே பவளக்கொடியின் பட்டறை. லாரிக்கும் அது இழுத்துப் போகும் டிரெய்லருக்கும் நடுவே ஒயரிங்கில் என்ன கோளாறு என்றாலும் வண்டிக்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த மாரப்பனுக்கு ஐம்பத்தாறு.

மாரப்பன் முன்பு போர்வெல் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன், இருட்டத் தொடங்கும் மசங்கல் நேரத்தில், அவர் இழுத்துப் போன டிரெய்லரின் பின்விளக்குகள் அணைந்துபோயின. அவருக்குத் தெரியாது. வேகத்தடையில் பிரேக்கை மிதித்தார். பின்னால் மொபெட்டில் வந்த பால்காரர் மோதி இறந்துபோனார். அதற்குப் பிறகு மாரப்பன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பவளக்கொடியிடம் வந்து, “ஒயரிங் கத்துக்குடுங்க அம்மணி” என்று மட்டும் கேட்டார். அவளும் காரணம் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை போர்வெல் ஆட்கள் படுத்துறங்கும் டிரெய்லர் ஒன்று லாரியோடு வந்தது. ஓடும்போது பின்விளக்கு அணைகிறதாம், நின்றால் எரிகிறதாம். மூன்று பட்டறைகளில் பல்பும் ஃபியூசும் மாற்றியாகிவிட்டது.

மாரப்பன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பிரேக், இண்டிகேட்டர், பார்க்கிங். எல்லாம் பளிச்சென்று எரிந்தன.

“ஒரு கொறையும் இல்லீங்க அம்மணி.”

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். பிறகு, இரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.

“அன்னைக்கும் இப்படித்தானுங்க எறங்கிப் பாத்தேன். எல்லாம் எரிஞ்சுது. அப்புறம் எப்படிங்க அணைஞ்சுது?”

பவளக்கொடி லாரியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

“பிளக்கைக் கழட்டாதீங்க. லைட்டும் எரியட்டும். ஜாக்கி வச்சு, லாரியோட மாட்டியிருக்கற கொக்கியை மட்டும் கழட்டுங்க.”

மாரப்பன் ஜாக்கியைச் சுற்றினார். டிரெய்லரின் கழுத்து மெல்ல எழுந்தது. கொக்கியை விட்டு இரும்பு விலகிய கணம், அத்தனை விளக்கும் அணைந்தன.

அவள் பிளக்கைத் திறந்து காட்டினாள். கரண்ட் லாரிக்குத் திரும்பி வரும் எர்த் ஒயரின் முனை பச்சைக் களிம்பாய்ப் பொடிந்து கிடந்தது. எப்போது அறுந்ததோ. ஒயர் செய்ய வேண்டிய வேலையைக் கொக்கி செய்துகொண்டிருந்திருக்கிறது. நின்றால் இரும்போடு இரும்பு ஒட்டும். மேடு பள்ளத்தில் தூக்கிப்போட்டால் விட்டுப்போகும்.

மாரப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அன்னைக்கும் இதானுங்களா?”

“தெரியாதுங்கண்ணா. அந்த வண்டிய நான் பாக்கல.”

“எம்மேல தப்பா, இல்லீங்களா? அதையாச்சும் சொல்லுங்க.”

அவள் புது ஒயர்ச் சுருளை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்தபடி எழுந்தார். பழையதை உருவினார், புதியதை இழுத்தார், முனையைச் சுரண்டிப் பற்றவைத்தார். கொக்கி விலகியிருக்கும்போதே விளக்குகள் எரிந்தன. டிரெய்லரை மறுபடி மாட்டினார்.

“ஆச்சுங்க. டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பிச்சரலாம்.”

பவளக்கொடி லாரிச் சாவியை நீட்டினாள்.

“ஓட்டிப் பாக்காம ஆச்சுன்னு எப்படிங்கண்ணா சொல்றது?”

மாரப்பன் சாவியைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். சாவியை வாங்கி, கதவைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கில் கை வைத்தார்.

“அம்மணி,” என்றார் ஜன்னல் வழியாக. “ஓடறப்போ பின்னால லைட்டு எரியுதா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

அவள் அதற்குள் தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய் டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியாதுங்கண்ணா. பின்னால வர்றவங்களுக்குத்தான் தெரியும். நான் வர்றேன், எடுங்க.”