பதில் வந்திருக்குமா

“நான் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்லை. என்னோட போன். அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுத் திருப்பித் தர்றேன்னுதானே கேக்கறேன்?”

இதையே ஒரு சொல் மாறாமல் நாலாவது தடவையாகச் சொன்னார் வாகீசன்.

சிஸ்டர் ஜெசிந்தா பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. மலைமேல் அந்தத் தியான இல்லத்தை நடத்துகிறவர். வாகீசனைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“எத்தனை நாள்னு எழுதிக் கொடுத்தீங்க, சார்?”

“ஏழு.”

“இன்னிக்கு?”

“மூணு.”

“பரவாயில்லை. எண்ணத் தெரியுது.”

அங்கே வருகிறவர்கள் போனைத் துணிப்பையில் போட்டு, பெயர் எழுதி, காலி அரிசி டிரம்மில் வைத்துவிட வேண்டும். முதல் நாள் முழுக்க டிரம் வண்டு புகுந்ததுபோல் முனகும். பிறகு ஒவ்வொன்றாகச் சார்ஜ் தீர்ந்து ஓயும்.

“டிரம்முக்குப் பூட்டு இல்லையே, சார். போய் எடுத்துக்குங்க.”

“நீங்க எடுத்துக் கொடுத்தா நல்லாருக்கும்.”

“ஏன்? பாவம் என் கணக்குல போகட்டும்னா?”

வாகீசன் உட்கார்ந்துவிட்டார்.

பகல் பதினொரு மணி. ஜன்னல் வழியே ஒரு மேகம் உள்ளே வந்து, அழைக்காத விருந்தாளி மாதிரி பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டது.

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பை காலி. ஆனாலும் அதிர்ந்தது.

“இதோ, இப்பக்கூட ஏதோ வந்தது!”

“அது உங்க நெஞ்சு, சார். உயிரோட இருக்கிற வரைக்கும் அடிச்சுக்கத்தான் செய்யும். இந்தாங்க, உரிங்க.”

முப்பது வருடம் கையெழுத்து மட்டுமே போட்ட கை. முதல் பத்துப் பட்டாணியையும் நசுக்கியே கொன்றது. பிறகு மெல்லப் பழகியது.

மேகம் தடித்தது. சிஸ்டரின் முகம் கரைந்து, கைகள் மட்டும் தெரிந்தன. பிறகு கைகளும் கரைந்தன. கிண்ணத்தில் பட்டாணி விழும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

எவ்வளவு நேரமோ. வாகீசன் மணி கேட்கவில்லை.

“அப்படி யார்கிட்டேருந்து வரணும்?” என்றது சிஸ்டரின் குரல்.

“என் பொண்ணு சுடர். கனடாவில இருக்கா. ஒரு மாசமா மெயிலுக்குப் பதிலே இல்லை. ஒரு நாளைக்கு அறுபது தடவை பார்க்கறேன், சிஸ்டர். குளிக்கும்போதுகூட.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

பட்டாணிச் சத்தம் ஒரு பக்கம் நின்றது.

“‘நோட்டட், தேங்க்ஸ்.’”

“பெத்த பொண்ணுக்கு?”

“அதுகூட நான் எழுதலை. மெயிலுக்கு அடியில போனே ரெடியா ஒரு பதில் காட்டும். விரலை வச்சேன், போயிடுச்சு. மீட்டிங்ல இருந்தேன்.”

“சரி, அவ என்ன எழுதியிருந்தா?”

“நீளமா எழுதியிருந்தா.”

“நீளத்தையா கேட்டேன்?”



“மேல ரெண்டு வரி படிச்சேன். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்னு...”

“அப்புறம்?”

“அப்புறம் பதில் வந்துச்சான்னு பார்க்க ஆரம்பிச்சுட்டேன்.”

சிஸ்டரின் பக்கமும் பட்டாணிச் சத்தம் நின்றது.

“அந்த ரெண்டு வரி ஞாபகம் இருக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மேகத்துக்குள் யாரோ மெதுவாகப் படித்துக் காட்டுவதுபோல் இருந்தது. அவர் அதைத் திருப்பிச் சொன்னார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“‘அப்பா, இதை ஆபீஸ்ல வச்சுப் படிக்காதீங்க. வீட்டுக்குப் போய், தனியா உட்கார்ந்து, கடைசி வரைக்கும் படிங்கப்பா, ப்ளீஸ்.’”