அலுமினிய மூடியின் சுற்றளவு

ஏழாம் வகுப்பில் அந்த வாரம் வட்டப் பாடம். எந்த வட்டத்தின் சுற்றளவையும் அதன் விட்டத்தால் வகுத்தால் 3.14 வரும் என்று கிரேஸ்மணி டீச்சர் திங்கள்கிழமையே பலகையில் பெரிதாக எழுதிப்போட்டிருந்தார். அதை யாரும் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஓர் அலுமினிய மூடியும் கொஞ்சம் நூலுமாக வந்தார்.

"மூடி பெஞ்சு பெஞ்சா வரும். அவங்கவங்க அளந்து, வகுத்து எழுதுங்க. சரியா அளந்தவங்க பேரைச் சீட்டுல எழுதிக் குலுக்குவேன். எந்தப் பேரு வருதோ, அவங்க நாளைக்குத் திருநெல்வேலி கணிதக் கண்காட்சிக்கு."

உச்சிமாகாளி அப்போதே ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டாள். போன வருஷம் அரை மார்க்கில் கைவிட்டுப்போன கண்காட்சி. எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டால் அனுப்பவும் மாட்டார்கள்.

அவளுடையது கடைசி பெஞ்சு. மூடி வந்ததும் நூலைச் சுற்றி, நகத்தால் அழுத்திப் பிடித்து, ஸ்கேலில் நீட்டினாள். முப்பத்தாறு சென்டிமீட்டர். குறுக்கே அளந்தாள். பன்னிரண்டு. வகுத்தாள்.

மூன்று.

மூடியைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி குறுக்கே அளந்தாள். இப்போது பதினொன்று. வகுத்தால் 3.27.

"ஏட்டி, இன்னுமா அளக்க?" என்றாள் பக்கத்தில் இருந்த ஜெசிந்தா. "பன்னிரண்டை 3.14-ஆல பெருக்கு. வர்றதைச் சுற்றளவுன்னு எழுதிரு. எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கோம்."

"அது அளந்தது ஆகாதுல்லா?"

"ஆமா, இவ பெரிய சர்வேயரு. பட்டா மாத்தப் போறா."

உச்சிமாகாளி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அளந்ததை எழுதணுமா, வரவேண்டியதை எழுதணுமா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"உன் நோட்டு. உன் இஷ்டம்."

அவள் உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள்.

நோட்டுகள் மேசைக்குப் போயின. டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"37.68... 37.68... இங்கயும் 37.68. ஏ வேலாண்டி, உன் ஸ்கேல்ல இந்த எட்டு எங்கடே இருக்கு?"

வேலாண்டிதான் வகுப்புத் தலைவன். தலையைச் சொறிந்தான். "கண்ணால கணிச்சுட்டேன் டீச்சர்."

கடைசி நோட்டை டீச்சர் சத்தமாகவே படித்தார். "ஒரு பக்கம் வச்சா 3. இன்னொரு பக்கம் வச்சா 3.27. ஏன்னு தெரியல."

"ஒரே மூடிக்கு ரெண்டு விடையாம்!" என்று யாரோ கத்த, மறுபடியும் சிரிப்பு. உச்சிமாகாளி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். கண்காட்சி போயிற்று.

டீச்சர் எழுந்தார். மூடியை மேசையின் ஒரு முனையில் நிமிர்த்தி வைத்து உருட்டிவிட்டார்.

அது ஓடவில்லை. காலில் முள் குத்தியவன் போல, டடக், டடக் என்று நொண்டி நொண்டிப் போய்த் தரையில் விழுந்தது.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நேத்து சாயங்காலம் வாசப்படியில வச்சு நான்தான் ஒரு மிதி மிதிச்சேன்," என்றார் டீச்சர். "இது வட்டமே இல்ல."

ஒரே ஒரு சீட்டுக் கிழித்தார். ஒரே ஒரு பேர் எழுதினார். குலுக்க வேண்டிய வேலையே இல்லை.

"உச்சிமாகாளி! காலையில ஆறரை பஸ்ஸு. நூலையும் ஸ்கேலையும் எடுத்துக்கிட்டு வந்துரு."

முதலில் பெஞ்சைத் தட்டியது ஜெசிந்தா. கடைசி பெஞ்சில் பிறந்த சத்தம் முன் பெஞ்சு வரை போய், பக்கத்து ஆறாம் வகுப்பு எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆயிற்று. உச்சிமாகாளி நின்றாள். நிமிர்ந்து நின்றாள். பல் தெரியச் சிரித்தாள்.

வேலாண்டிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"அநியாயம் டீச்சர். நீங்க எங்களை ஏமாத்திட்டீங்க."

டீச்சர் குனிந்து மூடியைப் பொறுக்கிக்கொண்டார்.

"நான் மிதிச்சது மூடியை மட்டும்தான்டே."