ஆவாரங்காட்டுக்கு வந்த வேலி

ஓர் அரசன் திடீரென்று அன்பு காட்டிய கதையைச் சொல்கிறேன், வாருங்கள். கைகூப்பிக் கேட்க வேண்டாம். கண்ணைத் திறந்துகொண்டு கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னே, மழை ஏமாற்றிப் போகும் ஒரு செம்மண் நாட்டை மகிபாலன் என்பவன் ஆண்டான். அந்த நாட்டின் ஓரத்தில் கல்லுமேடு என்று ஓர் ஊர். அங்கே யாரும் விதைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல், ஆவாரை காடாகப் பூத்துக் கிடந்தது.

வெயிலுக்கு அதன் தழையைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டினார்கள். உடல் சூட்டுக்கு அதன் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். தோலைப் பதனிட அதன் பட்டையை உரித்தார்கள். அந்தத் தோலில் தைத்த பெரிய பையை மாட்டில் பூட்டித்தான் கிணற்று நீரை இறைத்தார்கள். பட்டை இல்லையென்றால் தோல் அழுகும். தோல் அழுகினால், கிணறு நிறைந்திருந்தும் நாக்கு வறளும்.

அரசன் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். கூலியில்லாமல் கல் சுமக்க ஆள் கேட்டான். கல்லுமேட்டார் போகவில்லை. சேவகர்கள் பிடிக்க வந்தால் மலையேறிவிடுவார்கள். அரசன் பல்லைக் கடித்தான். பிறகு சிரித்தான். அவன் சிரித்தபோதே இவர்கள் பயந்திருக்க வேண்டும்.

முதலில் அதிகாரி ஒருவன் முரசோடு வந்தான். "உங்கள் ஆவாரையை ஆடுமாடு அழிக்கிறதாம். அரசர் மனம் பொறுக்கவில்லை. காட்டைச் சுற்றி வேலி போடச் சொன்னார்."

ஊரே மகிழ்ந்தது. தோல் பதனிடும் சடைச்சி மட்டும் கேட்டாள்: "ஆடு வாய் வைக்காத செடிக்கு வேலி எதுக்குய்யா?"

ஊர்த்தலைவன் இருளப்பன் சிரித்தான். "இவளுக்கு நிலா வந்தாலும் திருட வந்த மாதிரிதான் தெரியும்!" ஊரும் சிரித்தது. சிரித்துக்கொண்டே உடைமரத்து முள்ளை வெட்டி, கையெல்லாம் ரத்தம் வழிய, தாங்களே வேலியைக் கட்டினார்கள்.

அடுத்து வேலிக்குக் காவலர் வந்தார்கள்.

"விதைச்சவன் இல்லாத காட்டுக்குக் காவல் எதுக்குய்யா?" என்றாள் சடைச்சி.

"கொடுக்கிற கையைத் தட்டிவிடாதேடி!" என்று இருளப்பன் அதட்டினான்.

மூன்றாவதாக ஒரு கதவு வந்தது. மாலை போட்டு, மேளம் கொட்டி அதை நிறுத்தினார்கள். அதிகாரியின் கழுத்திலும் ஒரு சாமந்தி மாலை தொங்கியது. சடைச்சி தன் வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சாமி, இதை உள்ளே விடுங்க. ஒரு ஆவாரந்தழையைத் தின்னுட்டா, இந்த வேலியை முதல்ல கும்பிடுறவ நான்தான்."

அதிகாரியால் மறுக்க முடியவில்லை. ஆடு உள்ளே போனது. ஒரு செடியை மோந்தது, தும்மியது. இன்னொன்றை மோந்தது, தலையை உதறியது. மூன்றாவது செடியைப் பார்த்ததும் திரும்பி வந்து, அதிகாரியின் மாலையைக் கடித்து இழுத்துத் தின்னத் தொடங்கியது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இருளப்பனும் சிரித்தான். திடீரென்று அவன் சிரிப்பு நின்றது. அவன் கண் கதவின் பூட்டில் விழுந்திருந்தது.

"அய்யா, பட்டை உரிக்க நாங்க வந்தா இந்தக் கதவு திறக்குமா?"

மாலையைப் பிடுங்கிக்கொண்டிருந்த அதிகாரி எரிச்சலில் உண்மையைக் கக்கிவிட்டான்: "கோட்டைக்குக் கல் சுமந்தவனுக்குத் திறக்கும்!"

எல்லாரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். முள் கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை.

அதே கைகள்தான் வேலியைப் பிடுங்கின. ஊரே திரண்டு நின்றதைப் பார்த்த காவலர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் தலைப்பாகைக்குள்ளும் ஆவாரந்தழைதான் இருந்தது.

"அரசர் அன்போடு கொடுத்ததையா பிடுங்குகிறீர்கள்?" என்று அதிகாரி கத்தினான்.

"அன்பை நீங்களே எடுத்துட்டுப் போங்க, சாமி. முள்ளு இங்கேயே கிடக்கட்டும். அடுப்புக்கு ஆகும்" என்றாள் சடைச்சி.

அந்த முள்ளை எரித்து அன்று ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்தார்கள். ஊரே குடித்தது. அப்போதும் இரண்டு பேர், அதிகாரி போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் குடித்தார்கள். அப்படிப்பட்டவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

கேளாமல் வரும் பாதுகாப்பை ஏற்குமுன், அதன் பூட்டு யார் கையில் இருக்கப்போகிறது என்று கேட்காதவன், தன் சிறையைத் தானே கட்டுகிறான்.