புலி வருஷத்துப் பெண்ணும் தென்கிழக்கு அறையும்

"என் மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வரலாமா, சிஃபு?"

மாசிலாமணி இப்படிக் கேட்டபோது பவளம் சிஃபு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"இது என்னா கேள்வி அண்ணே? தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வராம வேற எங்க போவா?"

"அவ புலி வருஷம்."

சிஃபு கீரையைக் கீழே வைத்தார்.

*

ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தார் பவளம் சிஃபு. முகம் சீன முகம். நெற்றியில் குங்குமம். பேச்சு ரப்பர் தோட்டத்துத் தமிழ். தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவர் என்பது ஊருக்கே தெரியும். பிறந்த வருஷத்துக்கு ஒரு விலங்கு என்று பன்னிரண்டு விலங்குகளை வைத்துச் சீனர்கள் பார்க்கும் ஜோதிடத்தில் அவரைப்போலத் தேர்ந்தவர் அந்தப் பக்கத்தில் இல்லை. அதனால் சீனர்கள் குருவை அழைப்பதுபோல எல்லோரும் அவரை 'சிஃபு' என்றார்கள்.

மாசிலாமணி அவருடைய சீடர். வயதில் சிஃபுவைவிடப் பெரியவர். ஞானம் தேடி வந்தார் என்று நான் எழுதினால் அது பொய். கெண்டி வாங்க நல்ல நேரம் பார்க்க வந்தார்.

சீனத்துச் செம்மண்ணில் செய்த பழைய தேநீர்க் கெண்டிகள். வாங்கி வைத்தால் வருஷத்துக்கு வருஷம் விலை ஏறும் என்று அவர் குடும்பத்தில் யாரோ சொன்னார்கள். அண்ணன், தம்பி, இரண்டு தங்கைகள் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டார்கள். பேங்கை நம்பவில்லை. விலங்குகளை நம்பினார்கள்.

எந்த மாதத்தில் வாங்குவது, யார் கையால் வாங்குவது, எந்தத் திசையில் வைப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருந்தது. தம்பி குணாளன் குரங்கு வருஷத்துக்காரர். அவர் கை ராசியான கை என்று முடிவாயிற்று. வாங்குவது அவர். வைப்பது மாசிலாமணி வீட்டுத் தென்கிழக்கு அறையில். அதுதான் செல்வ மூலை.

அந்த அறையில் தர்மினி இருந்தாள். மாசிலாமணியின் ஒரே மகள். பள்ளியில் பெரிய பரீட்சை எழுதப்போகிற நேரத்தில் அவள் புத்தகப் பையோடு ஹாலுக்கு வந்தாள். கெண்டிகள் உள்ளே போயின.

குரங்குக்கும் புலிக்கும் ஆகாது. ஆகவே அவள் அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றும் ஆயிற்று.

ஒருமுறை மறந்துபோய் உள்ளே சென்று தன் பழைய பாடப்புத்தகம் ஒன்றை எடுத்துவிட்டாள். அந்த மாதம் கெண்டி விலை சரிந்தது. சீனாவில் எவனோ விலையைக் குறைத்ததற்கு ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை திட்டு வாங்கினாள். பெற்ற அப்பன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

*

"ஏழு மாசம் ஆச்சு," என்றார் மாசிலாமணி. "வளைகாப்பு முடிஞ்ச கையோட வராளாம். அவ ரூம்தான் வேணுமாம்."

"குடுங்க."

"குணாளன் ஒத்துக்க மாட்டேங்கறான். புலி வந்து செல்வ மூலையில படுத்தா மொத்தக் குடும்பமும் காலியாம். பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்துத் தரலாம், ஆள் வச்சிப் பாத்துக்கலாம்னு தங்கச்சிங்க சொல்றாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"சிஃபுவக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

"கெட்டிக்காரர்தான்."

மாசிலாமணி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"பலன் புத்தகம் கூடாதுன்னுதானே சொல்லுது, சிஃபு?"

"நான்தானே உங்களுக்குக் கத்துக் குடுத்தேன். கூடாதுன்னுதான் சொல்லுது. நட்டம் வரும்னு சொல்லுது. உங்க மூஞ்சியப் பாத்து நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"அப்ப ஏதாச்சும் பரிகாரம்?"

சிஃபு மறுபடி கீரையை எடுத்தார். ஒரு கொத்து முழுதும் உருவி முடித்தார்.

"நாளைக்கு வாங்க. வரும்போது ஒரு கெண்டி கொண்டாங்க. இருக்கறதுலயே ஒசத்தியான கெண்டி."

*

வீட்டுக்கு வந்தால் குணாளன் அறைக்குள் இருந்தார். பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் ஒவ்வொரு கெண்டியாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"சிஃபு என்னா சொன்னாங்க?"

"நாளைக்கு வரச் சொன்னாங்க."

"நாளைக்குன்னா வழி இருக்குன்னு அர்த்தம். பயப்படாதீங்க அண்ணே."

அப்போது போன் வந்தது. தர்மினி, கோலாலம்பூரிலிருந்து.

"சிஃபு என்னாப்பா சொன்னாங்க?"

"நாளைக்குச் சொல்றேன்னாங்க ம்மா."

"நான் சிஃபு வீட்டுக்கு வரலியே. உங்க வீட்டுக்குத்தானே வரேன்."

"கோவப்படாத லா. பக்கத்துத் தெருவுலயே நல்ல ரூம் ஒண்ணு…"

"அந்த ரூமக் கெண்டிங்களுக்கு எடுங்க."

மாசிலாமணி அறைப் பக்கம் பார்த்தார். குணாளன் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா இருந்திருந்தா இந்தப் பேச்சு வந்திருக்குமா?" என்றாள் தர்மினி. "அம்மா இல்ல, அதனால உனக்குத் தாய் வீடும் இல்லன்னு நேரா சொல்லிருங்க. நான் எங்க மாமியார் வீட்லயே பெத்துக்கறேன். ஆனா ஒண்ணு. பொறக்கற புள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க வாசலுக்கு வரமாட்டேன். ஹால்ல படுன்னீங்க, படுத்தேன். உள்ள போகாதன்னீங்க, போகல. அதெல்லாம் எனக்கு மட்டும். என் புள்ளைக்கு முடியாதுப்பா. நான் கெஞ்சறேன்னு நெனைக்காதீங்க. சொல்லிட்டேன்."

போன் வைக்கப்பட்டது.

இப்படி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. மனைவி போன பிறகு அவருக்கென்று இருப்பது அந்த ஒரு பெண்தான்.

"விடுங்க அண்ணே," என்றார் குணாளன். "மசக்கையில அப்படித்தான் பேசுவாங்க. புள்ள பொறந்தா எல்லாம் சரியாப் போயிரும்."

ஏழாம் மாதத்தில் மசக்கை ஏது என்று கேட்க அங்கே ஒரு பெண் இல்லை.

மாசிலாமணி உள்ளே போனார். நல்ல கெண்டியாக ஒன்றை எடுத்துத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். மூடி தனியாக, உடல் தனியாக.

*

மறுநாள் கெண்டியை மடியில் வைத்துக்கொண்டு சிஃபுவின் எதிரே உட்கார்ந்தார்.

சிஃபு துண்டைப் பிரித்தார். கெண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்," என்றார். பிறகு எழுந்து போய் ஒரு பிடி தேயிலை கொண்டுவந்து உள்ளே போட்டார். மாசிலாமணி என்ன ஏது என்று உணர்வதற்குள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டார்.

"ஐயோ சிஃபு, அதுல டீ போடக்கூடாது."

"ஏன்? டீ கெண்டிதானே?"

"வாங்குனதுலேருந்து அதுல பச்சத் தண்ணிகூடப் பட்டதில்ல. அப்படியே இருந்தாத்தான் விலை."

"யாரு சொன்னா?"

"குணாளன்."

"எத்தனை கெண்டி வச்சிருக்கீங்க?"

"அறை முழுக்க இருக்கு."

"ஒண்ணுலகூட டீ போட்டுக் குடிச்சதில்லியா?"

"இல்ல."

சிஃபு சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்த மண்ணுக் கெண்டிய சீனவங்க வளர்ப்பாங்க அண்ணே. அப்படித்தான் சொல்லுவாங்க, வளர்க்கறதுன்னு. தெனமும் டீ ஊத்தணும். மேல துணியால தொடைக்கணும். சூடா இருக்கும்போது கையில வச்சித் தடவணும். பல வருஷம் செஞ்சா மண்ணு தானா மினுங்கும். அத வாங்கத்தான் ஆளுங்க அலையறாங்க. நீங்க என்னடான்னா உள்ள வச்சிப் பூட்டிப் பட்டினி போட்டிருக்கீங்க."

மாசிலாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் வந்த காரியத்தை அவர் மறக்கவில்லை.

"அது போகட்டும் சிஃபு. பரிகாரம் சொல்றேன்னீங்களே."

"இருக்கு. ஒண்ணே ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரிஞ்சே பலிச்சது."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்கதான், சுங்கை ஆத்துப் பக்கத்துல, ஒரு சீனவரு மளிகைக் கடை போட்டாரு. கைக்காசு அம்புட்டையும் போட்டு ஆரம்பிச்ச கடை. அந்த வருஷமே அவருக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. புலி வருஷம். பலன் பாத்தவரு, இந்தப் புள்ள வீட்ல வளந்தா கடையத் தின்னுரும்னு சொல்லிட்டாரு."

"புத்தகத்தப் பாத்துத்தானே சொல்லியிருப்பாரு?"

"புத்தகத்தப் பாத்துத்தான்."

"என்னா பரிகாரம் செஞ்சாங்க?"

"புள்ளையத் துணியில சுத்தி, கூடவே ஒரு பால்மாவு டின்ன வச்சி, தோட்டத்துல ஒரு தமிழ்க் குடும்பத்துக்கிட்ட குடுத்துட்டாங்க. மாரியாயின்னு ஒரு அம்மா வாங்கிக்கிட்டாங்க. பவளம்னு பேரு வச்சாங்க."

கீழே தெருவில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி சிஃபுவின் முகத்தைப் பார்த்தார். இத்தனை காலம் பாடம் கேட்டும் குருவுக்கு என்ன வருஷம் என்று அவர் கேட்டதில்லை. ஊரில் எல்லோருடைய வருஷமும் அவருக்குத் தெரியும். இறைச்சிக் கடைக்காரர் வருஷம்கூடத் தெரியும்.

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. மன்னியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம். அவர் கேட்டது இது:

"அப்புறம் கடை நல்லா ஓடிச்சா?"

சிஃபு அவரையே பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"ஓடிச்சு அண்ணே. ஜோரா ஓடிச்சு. ஒரு கடை மூணு கடையாச்சு. பாசார் பக்கத்துல இருக்கறத என் கூடப் பொறந்த தம்பி பாத்துக்கறான். சோயா சாஸ் நான் அங்கதான் வாங்கறேன். வாங்க ஆன்ட்டின்னு கூப்பிடுவான். நல்ல பையன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த வித்தைய நான் எதுக்குக் கத்துக்கிட்டேன் தெரியுமா? தப்புக் கண்டுபிடிக்க. எங்கயாச்சும் ஒரு இடத்துல கணக்கத் தப்பாப் போட்டிருப்பான், அதக் கொண்டுபோயி அவங்க மூஞ்சியில வீசணும்னு ஆத்திரம். வருஷக்கணக்காத் தேடுனேன். தப்பே இல்ல. அந்தாளு சரியாத்தான் பாத்திருக்கான். சொன்ன பலனும் பலிச்சிருச்சு. அது தெரிஞ்ச அன்னிக்குத்தான் எனக்கு நெசமாவே கோவம் வந்துச்சு. இன்னும் போகல. போகவும் வேணாம்."

சிஃபு கெண்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்கும் அதான் பரிகாரம். கண்டிப்பாப் பலிக்கும். கெண்டிங்க நல்ல விலைக்குப் போகும். மகளை யாருக்குக் குடுக்கலாம்னு மட்டும் முடிவு பண்ணுங்க."

மாசிலாமணி கிண்ணத்தை எடுத்தார். கொஞ்சம் சட்டையில் சிந்திற்று. மிச்சத்தைச் சூடு ஆறுவதற்குள் குடித்தார். தொண்டை பொத்துப்போகிற சூடு. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, என்னா சொன்னாங்க சிஃபு?"

"நட்டம் வரும்னு சொன்னாங்க."

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல? எவ்வளவு வருமாம்?"

"கேக்கல."

"கேக்காம வந்தீங்களா? என்னா அண்ணே நீங்க. சரி, இப்ப என்னா செய்யறது?"

"வேன் எடுத்துட்டு வீட்டுக்கு வா. கெண்டிங்க எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிரு. உங்க வீட்ல வச்சிக்கிட்டாலும் சரி, வித்தாலும் சரி. என் பங்கு எனக்கு வேணாம். தர்மினிக்கு அந்த ரூம்ல கட்டில் போடணும்."

"அண்ணே, அவ புலி."

"ஆமா. பெரிய கட்டிலாப் போடணும்."